வேக வரம்பு போட்ட பிறகும் எஃப்டிபி சர்வர் லைனை ஏன் அடைக்கிறது?

எஃப்டிபி என்பது நெட்வொர்க் வழியே கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் முறை. அந்த சர்வரில் யூசருக்கு நொடிக்கு 1 எம்பி (மெகாபைட்) என்று வரம்பு போட்டிருப்பார்கள். ஆனாலும் ஒரே ஒருவர் பேக்கப் ஏற்றத் தொடங்கியதும் மொத்த லைனும் திணறும். லினக்ஸில் பரவலாக ஓடும் எஃப்டிபி சர்வர் மென்பொருளான விஎஸ்எஃப்டிபிடியில் அந்த வரம்பு ஆளுக்கு அல்ல, கனெக்‌ஷனுக்கு. ஃபைல்ஸில்லா கிளையன்ட்டில் ஒரே நேரத்தில் 10 கோப்புகள் வரை அனுப்பலாம். அப்படி அனுப்புபவருக்கு 1 எம்பி 10 எம்பி ஆகிவிடுகிறது.

அதனால் கணக்கை லைனிலிருந்து தொடங்குங்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் பாதியை எஃப்டிபிக்கு ஒதுக்கினால் 50 மெகாபிட், அதாவது நொடிக்கு 6.25 மெகாபைட். ஒரே நேரத்தில் 10 கனெக்‌ஷனுக்கு மேல் விடுவதில்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் 6,25,000 பைட். செட்டிங்கில் பைட் கணக்கில்தான் எழுத வேண்டும். கிலோபைட் என்று நினைத்து 625 என்று போட்டால் கோப்பு நகரவே நகராது. 0 போட்டால் வரம்பே இல்லை.

மொத்த கனெக்‌ஷனுக்கும் ஒரு ஐபிக்கான கனெக்‌ஷனுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ஐபி வரம்பை 2 என்று இறுக்கிவிடாதீர்கள்: ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் எல்லோரும் சர்வருக்கு ஒரே ஐபியாகத்தான் தெரிவார்கள். யூசர்வாரியாகத் தனி கான்ஃபிக் ஃபைல் வைக்கலாம், வேக வரம்பு அதில் எடுபடும். ஆனால் இந்த இரண்டு எண்ணிக்கை வரம்புகளும் அதில் எடுபடாது. லாகின் ஆகும் முன்பே சர்வர் அவற்றைப் பார்த்து முடித்துவிடுகிறது.

பாஸிவ் முறையில் (சர்வர் சொல்லும் போர்ட்டுக்கு கிளையன்ட் வந்து இணையும் முறை) ஒவ்வொரு கோப்பு மாற்றத்துக்கும் ஒரு போர்ட், அதாவது எண்ணிட்ட ஒரு வாசல், வேண்டும். 40000 முதல் 40100 வரை என்று சர்வரில் குறித்தால் அதே எல்லையை ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். லாகினுக்கான 21-ஆம் போர்ட் மட்டும் திறந்திருந்தால் லாகின் ஆகும், கோப்புப் பட்டியல் வராது. காரணத்தைப் பாஸ்வேர்டில் தேடிப் பயனில்லை.

அனுமதிப் பக்கம் வருவோம். யூசர் லிஸ்ட் வசதியை இயக்கினால், அந்தப் பட்டியல் இயல்பாகத் தடைப் பட்டியல். உள்ளே விட வேண்டியவர்களின் பெயர்களை அதில் எழுதிவிட்டு, மறுப்பு செட்டிங்கை ‘நோ’ ஆக்க மறந்தால், அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் உள்ளே வரலாம்.

யூசரை அவருடைய ஃபோல்டருக்குள்ளேயே நிறுத்தும் குரூட் வசதியை இயக்கியதும் 500 எரர் வந்தால், அந்த ஃபோல்டரில் அவருக்கே எழுதும் உரிமை இருக்கிறது என்று அர்த்தம். இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி, எழுதத்தக்க குரூட்டை அனுமதிக்கும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும். வேண்டாம். மேல் ஃபோல்டரை ரூட் (சர்வரின் நிர்வாகி கணக்கு) பெயரிலேயே விட்டு, உள்ளே ‘அப்லோடு’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் யூசருக்குக் கொடுங்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருள் வழியே எஸ்எஃப்டிபி (எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் கோப்பு முறை) கொடுப்பவர்களுக்கும் இதே விதிதான். அங்கே குரூட் ஃபோல்டரும் அதற்கு மேலிருக்கும் எல்லா ஃபோல்டர்களும் ரூட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும், குழுவுக்கும் எழுதும் உரிமை கூடாது. வெறும் எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் போவதால், புதிதாக அமைப்பவர்கள் எஸ்எஃப்டிபிக்கே போவது நல்லது.

வேக வரம்பு டிஸ்க்கைக் காப்பாற்றாது. நொடிக்கு 6,25,000 பைட் என்றாலும் ஒரு நாளில் 54 ஜிபி ஏறிவிடும். அதற்கு யூசர்வாரியாக டிஸ்க் கோட்டா (இட வரம்பு) தனியாகப் போட வேண்டும். முடித்ததும் ஒரு சோதனைக் கணக்கில், வெளி நெட்வொர்க்கிலிருந்து, ஒரே நேரத்தில் நாலைந்து பெரிய கோப்புகளை அனுப்பிப் பாருங்கள். ஒரே கோப்பை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.