நண்பருக்கு வந்த ரீஃபண்ட் உங்களுக்கு ஏன் வரக்கூடாது

மார்ச் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். “அக்கா, என் ரூம்மேட்டுக்கு என்னைவிட 1,000 டாலர் அதிகமா டாக்ஸ் ரீஃபண்ட் வந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே கம்பெனியிலதான் இன்டர்ன்ஷிப் பண்ணோம். எனக்கு மட்டும் ஏன் வரல?”

அமெரிக்காவில் வரித் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிக்க வரும் நம் பிள்ளைகள் நிறையப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த ரூம்மேட்டின் தாக்கலை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடும். அவர் போட்டிருப்பது 1040 என்னும் வருமான வரிப் படிவம். போட்டிருக்க வேண்டியது 1040-என்ஆர்.

இந்த இரண்டு எழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 1040 என்பது குடிமக்களுக்கும், வரிச் சட்டத்தின் கண்ணில் ‘ரெசிடென்ட்’ ஆனவர்களுக்கும். எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு ‘நான்-ரெசிடென்ட்’. காலண்டர் ஆண்டு என்பதைக் கவனியுங்கள். டிசம்பர் 28-ஆம் தேதி வந்து இறங்கினாலும் அந்த நாலு நாளுக்காக ஒரு முழு ஆண்டு கணக்கில் போய்விடும். 2021 ஆகஸ்டில் வந்தவருக்கு 2021 முதல் 2025 வரை 5 ஆண்டுகள் முடிந்துவிட்டன. 2026-லிருந்து, ரெசிடென்டா என்று பார்க்க அவர் இங்கே தங்கும் நாட்கள் எண்ணப்படும். ஆய்வுப் படிப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். விசா மாறவில்லையே, வரி நிலை மட்டும் எப்படி மாறும் என்று கேட்கிறார்கள். மாறும்.

விளம்பரங்களில் பார்க்கும் வரி மென்பொருள்கள் பலவற்றில் 1040-என்ஆர் கிடையாது. அதில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால், அது உங்களை ரெசிடென்ட் என்றே எடுத்துக்கொண்டு முடித்துவிடும். அப்புறம் கட்டண விவரம் காட்டிக் கல்லூரி அனுப்பிய 1098-டி தாளைக் கேட்கும். கட்டணத் தொகையைப் போட்டவுடன் கல்விச் சலுகை என்று ரீஃபண்ட் ஏறும். அந்தச் சலுகை ஒன்றில் 1,000 டாலர் வரை கையிலேயே வரும். நான்-ரெசிடென்ட் மாணவருக்கு அது கிடையாது. கல்லூரி அந்தத் தாளை அனுப்பியதாலேயே உரிமை வந்துவிடாது. ரூம்மேட்டுக்கு வந்தது அந்தப் பணம்தான். அது அவருடைய பணம் இல்லை, வட்டியோடு திருப்பிக் கேட்கப்படலாம்.

சரி, நமக்குச் சேர வேண்டியதை விடுகிறோமா? அதுவும் நடக்கிறது. கோடையில் மாதம் 8,000 டாலர் வீதம் 3 மாதம் வேலை பார்த்த ஒரு பெண் தன் சம்பளச் சீட்டைக் காட்டினாள். வருமான வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன: ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி 6.2%, முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் 1.45%. இரண்டும் சேர்ந்ததைத்தான் ஃபைகா என்கிறோம். நான்-ரெசிடென்டாக இருக்கும் எஃப்-1 மாணவர் சிபிடி, ஓபிடி எனப்படும் வேலைப் பயிற்சி அனுமதிகளில் செய்யும் வேலைக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. 24,000 டாலருக்கு 7.65% என்றால் 1,836 டாலர். ரூம்மேட்டின் ஆயிரத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தப் பணம் 1,836 டாலர் போயிருந்தது தெரியவில்லை.

வருமான வரித் தாக்கலில் இதைக் கேட்டு வாங்க முடியாது, வழி வேறு. முதலில் சம்பளம் கொடுத்த நிறுவனத்தில் சம்பளக் கணக்கைப் பார்க்கும் பேரோல் பிரிவுக்கு எழுத வேண்டும். தவறுதலாகப் பிடித்ததை அவர்களே திருப்பித் தரலாம். மறுத்தால் 843, 8316 ஆகிய இரண்டு படிவங்களை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 3 ஆண்டுகள். ஆனால் 5 ஆண்டு முடிந்து ரெசிடென்ட் ஆனபின் இந்த விலக்கு இல்லை, அப்போது பிடிப்பது சரியானதுதான்.

இன்னொன்று இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். நான்-ரெசிடென்டுக்குப் பொதுவாக ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் என்னும் நிலைக்கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழித்துவிடும் தொகை, கிடையாது. இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு இந்திய மாணவர்களுக்கு அதைத் தருகிறது. 2025-க்கு தனிநபருக்கு 15,750 டாலர். அதே பெண்ணின் கணக்கில் போட்டுப் பாருங்கள். கழிவு இல்லாமல் 24,000-க்கும் வரி போட்டால் சுமார் 2,640 டாலர். கழித்தால் 8,250-க்கு மட்டும் வரி, சுமார் 825 டாலர். ஒரு கழிவை விட்டதற்கு 1,800 டாலர் போகும். இலங்கையிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை. நண்பர் போட்டதைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள்.

மாநில வரி தனி. டல்லாஸில் படித்துக்கொண்டு கோடையில் சான் ஹோசேயில் வேலை பார்த்தால், டெக்சாஸில் வருமான வரி இல்லையே என்று இருந்துவிட முடியாது. கலிஃபோர்னியாவுக்கு நான்-ரெசிடென்ட் தாக்கல் உண்டு.

வருமானமே இல்லாத வருஷத்திலும் 8843 படிவம் அனுப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் இங்கே இருந்த நாட்களை எண்ணாமல் விடுவதற்கான விவரம் அதில்தான் இருக்கிறது. சம்பளம் வாங்கியவர்கள் அதை 1040-என்ஆரோடு சேர்த்து ஏப்ரல் 15-க்குள் அனுப்ப வேண்டும். வருமானம் இல்லாதவர்களுக்கு ஜூன் 15 வரை நேரம் இருக்கிறது.

ஏற்கெனவே 1040 போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 1040-எக்ஸ் படிவத்தோடு சரியான 1040-என்ஆரை இணைத்துத் திருத்தித் தாக்கல் செய்யலாம். கூடுதலாக வந்த பணத்தை அதோடு கட்டிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பும் முன் நீங்களே செய்வது நல்லது. நாளைக்கு கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய தாக்கல்களைக் கேட்டால், தயங்காமல் எடுத்துக் கொடுக்கலாம்.

இந்தக் கோடையில் இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் சில காரியங்கள் செய்யுங்கள். சேர்ந்த முதல் வாரம் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான டபிள்யூ-4 படிவத்தை நிரப்பும்போது, அதில் 4(சி) என்ற இடத்துக்குக் கீழே நான்-ரெசிடென்ட் ஏலியன் என்று எழுதிவிட்டு, ஃபைகா விலக்கைப் பற்றியும் பேரோலிடம் சொல்லுங்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஃபைகாவின் அந்த இரண்டு பிடித்தங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி நாளன்று நிறுவன லாகின் முடங்கும் முன் எல்லாச் சம்பளச் சீட்டுகளையும் இறக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். ஜனவரி முடிவில் ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 தாள் வந்து சேர, உங்கள் இப்போதைய முகவரியையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.