டீனியான்னா புழுவா, தாமரையா?

கைக்குழந்தை கன்னத்துலயோ தலையிலயோ வட்டமா சிவந்து செதில் உதிர்ந்தா சில சமயம் டாக்டர் சீட்டுல "டீனியா"ன்னு எழுதுவாங்க. இது லத்தீன் சொல்லுங்க, துணி அரிக்கிற அந்துப்பூச்சி, அதோட புழு. கம்பளியில விழுந்த ஓட்டை மாதிரி தலையில வட்டமா முடி போறதைப் பார்த்து அந்தப் பேரு வந்துச்சும்பாங்க, இங்கிலீஷ்ல ரிங்வோர்ம்ங்கறதும் அதே புழு நெனப்புதான். ஆனா உள்ள புழுவே கிடையாது, பூஞ்சை. 1840 வாக்குல ஷோன்லைன், க்ரூபி, ரீமாக்னு சில டாக்டருங்க மைக்ரோஸ்கோப்ல பார்த்துச் சொன்னாங்க, பேரு மட்டும் மாறல.

தமிழ்லயும் புழுவெட்டுன்னு ஒரு சொல் இருக்கே, அதுதானேன்னு கேட்டா, இல்லங்க. புழுவெட்டுல நம்ம எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குது, தோல் வழவழன்னு இருக்கும். டீனியால செதில் இருக்கும், முடி ஒடிஞ்சு கரும்புள்ளி மாதிரி நிக்கும். தேமலும் வேற, அது மலசீசியாங்கற ஈஸ்ட்டால வர்றது.

சரியான சொல் படர்தாமரைதான், என்னைக் கேட்டா லத்தீனை விட நல்ல சொல். ஓரம் படரும், நடு தெளியும், நோயோட குணமே பேருல இருக்கு பாருங்க. டெஸ்ட்டுக்கும் அந்த ஓரத்துலதான் மெதுவா சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்கறாங்க, பூஞ்சை நூல் நூலா தெரியும்.

கைக்குழந்தைக்கு இது அபூர்வமா வர்றதால எக்ஸிமாங்கற தோல் அழற்சின்னு நெனச்சு ஸ்டீராய்டு க்ரீம் தடவிடறாங்க, சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ள படரும், அந்த வட்ட ஓரமும் அழிஞ்சு போய் அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. இதுக்கு டீனியா இன்காக்னிடோன்னு பேரு, மாறுவேஷப் படர்தாமரைன்னு சொல்லலாம். தயவுசெஞ்சு மெடிக்கல்ல கேட்டு வாங்கித் தடவாதீங்க.

கன்னம், உடம்புன்னா பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் மாதிரி பூஞ்சையைக் கொல்ற க்ரீமே போதும், ஆனா சில வாரம் விடாம போடணும். தலைன்னா பூஞ்சை முடி வேர்ல இருக்கும், க்ரீம் எட்டாது, டாக்டர் எடை பார்த்து உள்ளுக்கு மருந்து தருவாங்க. குழந்தைக்கு பெரும்பாலும் வீட்டு ஆளுங்க கிட்ட இருந்துதான் ஒட்டுது, தூக்கி வெச்சிக்கிற அம்மா பாட்டி இடுப்புல இருக்கான்னு பாருங்க, அவங்களுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும், துண்டு தனியா வெக்கணும், அரைஞாண் கயிறு அடியில ஈரம் நிக்காம துடைச்சு விடணும்.