காற்றமுக்கி: சொல் விளக்கம்

"குறுகிய மின்சார மோட்டார் உந்துதல் காற்று அழுத்தி வடிவமைப்பு." திருத்தித் தரும்படி என்னிடம் வந்த ஒரு பாடக் கைப்பிரதியின் தலைப்பு இது. ஏழு சொற்களில் மூன்று தவறு. 'குறுகிய', 'உந்துதல்' இரண்டையும் பிறகு பார்க்கலாம். காற்றை நெருக்கி அடைக்கும் கம்ப்ரசரைக் குறிக்கும் 'காற்று அழுத்தி' என்பதைக் கையேடுகளிலும் விளம்பரங்களிலும் எத்தனையோ முறை பார்த்து, போகட்டும் என்று கடந்திருக்கிறேன். இந்த முறை கடக்க முடியவில்லை. உள்ளே இப்படி ஒரு வரி இருந்தது: "அழுத்தியின் அழுத்த விகிதம் 8 எனில், வெப்பம் வெளியேறாத நிலையில் அழுத்த விகிதம் 4.4 ஆகும்."

ஒரே வாக்கியம், ஒரே சொல், இரண்டு மதிப்பு. படிக்கும் மாணவன் அச்சுப்பிழை என்று நினைப்பான். அல்லது தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துப் புத்தகத்தை மூடுவான். இரண்டாவது நேர்ந்தால் அந்தப் பாவம் மொழிபெயர்த்தவரைச் சேரும். ஏனெனில் கணக்கில் பிழையே இல்லை. சொல்லில்தான் பிழை.

கம்ப்ரசர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பிரெமெரே' என்றால் அழுத்து. அதன் முன் 'கொம்' என்ற ஒட்டுச் சேர்ந்து 'கொம்ப்ரிமெரே' ஆனது. ஒன்றாகச் சேர்த்து நெருக்கு என்பது அதன் பொருள். அழுத்தத்தைக் குறிக்கும் 'பிரஷர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே 'பிரெமெரே'யிலிருந்து பிறந்ததுதான், ஆனால் அதில் 'கொம்' கிடையாது. இரண்டு சொற்களையும் பொருளில் வேறுபடுத்துவது முக்கியமாக அந்தச் சிறு முன்னொட்டுதான். 'அழுத்தி' என்று எழுதியவர்கள் வேரைப் பிடித்துக்கொண்டு முன்னொட்டைத் தவறவிட்டார்கள்.

தமிழில் அந்த முன்னொட்டுக்கு ஈடு தேட வேண்டிய வேலையே இல்லை. நம்மிடம் இரண்டு தனி வினைகள் இருக்கின்றன. அழுந்து, அழுத்து என்பது ஓர் இணை; திருந்து, திருத்து போல. அமுங்கு, அமுக்கு என்பது இன்னோர் இணை. ஒடுங்கு, ஒடுக்கு போல. மலையாளத்தில் அமுக்குக, கன்னடத்தில் அமுகு என்று இரண்டாவது இணைக்கு உறவுகளும் உண்டு. பொத்தானை அழுத்துகிறோம், முத்திரையை அழுத்துகிறோம், பொன்னில் மணியை அழுத்தினான் என்றால் பதித்தான் என்று பொருள். இவற்றில் எதிலும் பொத்தானோ முத்திரையோ மணியோ சிறுத்துப்போவதில்லை. விசை ஒரு பரப்பின்மேல் விழுகிறது, அவ்வளவுதான். பஞ்சை மூட்டைக்குள் அமுக்கினால் நடப்பது வேறு. பஞ்சின் எடை குறைவதில்லை. அது பிடிக்கும் இடம் குறைகிறது.

அமுக்குதல், அழுத்துதல் இரண்டும் ஒன்றுதான் என்று அகராதியைப் புரட்டிக் காட்டுபவர்கள் உண்டு. பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும் என்பதை நான் மறுக்கவில்லை. கலைச்சொல் ஆக்குவது என்பதே பேச்சில் கலந்து கிடக்கும் நெருங்கிய சொற்களைப் பிரித்து, ஆளுக்கொரு வேலை கொடுப்பதுதான். வெப்பமும் வெப்பநிலையும் அப்படித்தான் பிரிந்தன. நிறையும் எடையும் அப்படித்தான் பிரிந்தன. அங்கே பிரித்த நாம் இங்கே மட்டும் ஏன் கலக்க வேண்டும்?

இந்த இயந்திரம் செய்யும் வேலையைப் பார்த்தால் எந்த வினை அதற்கு உரியது என்பது விளங்கிவிடும். உருளைக்குள் காற்றை இழுத்து, வால்வை மூடி, பிஸ்டனை மேலே தள்ளி, காற்று இருக்கும் இடத்தைக் குறைக்கிறது. இடம் குறைவதால் அழுத்தம் உயர்கிறது. முதல் செயல் அமுக்குதல். அழுத்தம் அதன் விளைவு. ஆகவே கருவியின் பெயர் காற்றமுக்கி. வெப்பநிலை மாறாதவரை அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறாது என்று அறிவியலாளர் ராபர்ட் பாயில் 1662இல் எழுதியதும் இந்த இரண்டின் உறவைப் பற்றித்தான். உறவு சொல்ல இரண்டு பேர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு விதியை எப்படிச் சொல்வது?

அழுத்தத்தை உயர்த்தும் கருவியெல்லாம் அழுத்தி என்றால் நீர் இறைக்கும் பம்பும் அழுத்திதான். நீரின் அழுத்தத்தை 1 பாரிலிருந்து 8 பாருக்கு ('பார்' என்பது அழுத்தத்தின் அலகு; ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) ஏற்றினால் அதன் கன அளவு பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு மட்டுமே குறையும். அங்கே அழுத்தம் உண்டு, அமுக்கம் இல்லை என்றே சொல்லிவிடலாம். காற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1860இல் காப்புரிமை பெற்ற ரூட்ஸ் ஊதியில் இரண்டு சுழலிகள் காற்றைச் சுருக்காமல் அப்படியே அள்ளிக்கொண்டுபோய் மறுபுறம் விடுகின்றன. மறுபுறத்துக் காற்று திரும்பிப் பாய்வதால்தான் அழுத்தம் உயர்கிறது. உள்ளே அமுக்கம் நடக்காத அந்தக் கருவியை ஊதி என்றுதான் சொல்கிறார்கள். 'காற்று எக்கி' என்ற பரிந்துரையையும் இதனாலேயே ஏற்க முடியவில்லை. எக்கி பம்புக்கு உரியது. துருத்தி பழமையான, அழகான சொல். ஆனால் துருத்தி ஊதுகிறது, காற்றைச் சேர்த்து அமுக்கி வைப்பதில்லை.

இனி அந்த எட்டும் நான்கு புள்ளி நான்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார், வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அதை 8 பாருக்குக் கொண்டுபோக வேண்டும். கலனில் பொருத்திய அளவி வெளிக்காற்றைக் கழித்துவிட்டு 7 பார் என்று காட்டும். முடிவு அழுத்தத்தைத் தொடக்க அழுத்தத்தால் வகுத்தால் 8. இது அழுத்த விகிதம். வெப்பம் வெளியேற நேரமில்லாமல் வேகமாக அமுக்கினால் காற்று சூடேறி விரியப் பார்க்கும்; ஆகவே கன அளவு எட்டில் ஒரு பங்காகும் முன்பே, 4.4இல் ஒரு பங்கானவுடனேயே, 8 பார் வந்துவிடும். இந்த 4.4 கன அளவுகளின் விகிதம்; இதுதான் அமுக்கு விகிதம். அப்போது காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 258 டிகிரி. இரண்டு விகிதங்களுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடுதான் வடிவமைப்பாளரின் தலைவலி முழுவதும். நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை இப்படி ஒரே கட்டத்தில் அமுக்க, உராய்வையும் மற்ற இழப்புகளையும் சேர்க்காமலே சுமார் 473 வாட் வேண்டும். இரண்டு கட்டமாகப் பிரித்து நடுவில் குளிர்வித்தால் சுமார் 404 வாட் போதும், ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலை 121 டிகிரியோடு நிற்கும். வெப்பம் முழுவதையும் உடனுக்குடன் வெளியேற்ற முடிந்தால் 347 வாட். அது எட்ட முடியாத எல்லை. இந்தக் கணக்கை 'அழுத்தி', 'அழுத்த விகிதம்', 'அழுத்த விகிதம்' என்று எழுதி யாருக்கு விளங்க வைப்பது?

'அமுக்கி' என்றால் அடுத்தவர் பொருளை அமுக்கிக்கொண்டவன் நினைவு வருகிறதே, கொச்சையாக இருக்கிறதே என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். அடிப்பது, பிடிப்பது, கடத்துவது என்ற சொற்களுக்கும் தெருவில் வேறு பொருள் உண்டு. அதற்காக மின்கடத்தி என்ற சொல்லை யாரும் கைவிடவில்லை. 'காற்றமுக்கி' என்று சேர்த்து எழுதும்போது எதை அமுக்குகிறது என்பதில் ஐயம் இல்லை.

இலங்கைத் தமிழர் எழுப்பும் மறுப்பு இதைவிடக் கனமானது. அங்கே அமுக்கம் என்பதே நாம் அழுத்தம் என்று சொல்வதைக் குறிக்கும்: வளிமண்டல அமுக்கம், குருதியமுக்கம், தாழமுக்கம். அமுக்கி என்று சொன்னால் அவர்கள் காதில் நம் 'அழுத்தி' விழுந்த அதே குழப்பம் விழும். உண்மைதான். ஆனால் அவர்கள் நூல்கள் ஒலியலையைப் பற்றிப் பேசும்போது நெருக்கல், ஐதாக்கல் (அடர்த்தி குறைத்தல்) என்கின்றன. அதாவது அவர்களிடமும் இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் இருக்கிறது: அமுக்கம், நெருக்கல். தமிழகத்தில் அழுத்தம், அமுக்கம். அவர்கள் 'நெருக்கி' என்று ஆக்கினால் அதை நான் மனமார ஏற்பேன். எந்த வழக்கிலும் சேராதது அழுத்தத்தையும் வைத்துக்கொண்டு அழுத்தியையும் ஆக்குவதுதான். தூய தமிழா, கலப்புத் தமிழா என்பது இங்கே இரண்டாவது கேள்வி. 'கம்ப்ரசர்' என்றே எழுதிவிட்டால்கூட எனக்குக் குறை இல்லை. பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. தவறாக விளங்கும் தமிழ்ச்சொல்லைவிட அந்தக் கடன்சொல் எவ்வளவோ மேல். ஆனால் கடன்சொல் தனியாகவே நிற்கும். அமுக்கு என்ற வினையிலிருந்து அமுக்கிய காற்று, அமுக்கு விகிதம், அமுக்கு வீச்சு, இருகட்ட அமுக்கம் எல்லாம் தாமாகவே பிறக்கும். கம்ப்ரசரை வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் மறுபடி கடன் வாங்க வேண்டும்.

தலைப்பின் மற்ற இரண்டு சொற்கள். 'உந்துதல்' என்றால் தள்ளும் விசை. மோட்டார் இந்தக் கருவியை உந்தவில்லை, இயக்குகிறது. மோட்டார் என்பது மின்னோடியா மோட்டாரா என்று சண்டையிட எனக்கு விருப்பமில்லை. இரண்டும் பொருளைக் கெடுக்காத சொற்கள்.

'குறுகிய' என்பது என்னை இன்னும் வருத்தியது. குறுகிய பாதை, குறுகிய காலம், குறுகிய மனம். மூன்றிலும் ஏதோ ஒன்று போதாமல் இருக்கிறது. மூலத்திலுள்ள 'காம்பாக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் லத்தீன் வழி வந்ததுதான், அதிலும் அதே 'கொம்' இருக்கிறது. சேர்த்துக் கட்டியது என்பது பொருள். அளவில் சிறியது என்பதல்ல, இருக்க வேண்டியதெல்லாம் சிறிய இடத்துக்குள் இருப்பது. இதற்குத் தமிழில் அடக்கம் என்ற சொல் காத்திருக்கிறது. கையடக்கப் பதிப்பு என்று நூல்களுக்குச் சொல்லிப் பழகிய சொல்தான். அடக்கமான காற்றமுக்கி என்றால் வடிவமைப்பின் சிக்கலே அந்தப் பெயரடைக்குள் வந்துவிடுகிறது. பெல்ட்டையும் கப்பியையும் நீக்கி மோட்டாரின் தண்டிலேயே அமுக்கியை மாட்டினால் இடம் மிச்சம். ஆனால் மோட்டாரின் வேகம்தான் அமுக்கியின் வேகமும் ஆகும். மோட்டாரின் உடல் அளவை முடிவுசெய்வது பெரும்பாலும் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் விசை. அதே திறனை அதிக வேகத்தில் தந்தால் முறுக்குவிசை குறையும், மோட்டார் சிறுக்கும். வேகம் ஏறினால் மெல்லிய வால்வு இதழ்கள் விரைவில் களைத்து உடையும், வெப்பமும் கூடும். அமுக்கும் வெப்பமும் மோட்டாரின் வெப்பமும் ஒரே கூட்டுக்குள், ஒரே விசிறியை நம்பி இருக்கும். ஒன்றை அடக்கினால் இன்னொன்று திமிறும்.

கைப்பிரதியின் உட்பக்கங்களைச் சொல்லாமல் விட முடியவில்லை. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே மிஞ்சும் சிறு வெளியை 'அனுமதி கன அளவு' என்று எழுதியிருந்தார்கள். 'கிளியரன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு அனுமதி கொடுத்தது? அதை 'எஞ்சிடம்' என்று திருத்தினேன். அங்கே எஞ்சிய உயர் அழுத்தக் காற்று, பிஸ்டன் இறங்கும்போது விரிந்து, புதுக் காற்று வரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாம் பார்த்த 8 மடங்கு அழுத்தத்தில், எஞ்சிடம் வீச்சுக் கன அளவில் (பிஸ்டன் ஒருமுறை நகரும்போது கடக்கும் இடத்தில்) 5 விழுக்காடு இருந்தால் உருளை 83 விழுக்காடுதான் நிறையும். 10 விழுக்காடு இருந்தால் 66தான். கருவியைச் சிறிதாக்கும்போது உருளை சிறுக்கும், ஆனால் உலோகம் ஒன்றோடொன்று மோதாமலிருக்க விடும் இடைவெளி அதே அளவில் சிறுக்காது. ஆகவே சிறிய காற்றமுக்கிகளில் எஞ்சிடத்தின் பங்கு கூடுகிறது. இவ்வளவு முக்கியமான ஒன்றை 'அனுமதி' என்ற சொல் முற்றிலும் மறைத்துவிட்டது.

இன்னொன்று, 'இலவசக் காற்று விநியோகம்'. வெளிக்காற்று நிலைக்கு மாற்றிச் சொல்லும் காற்றளவு அது. காசில்லாமல் கொடுப்பது அல்ல. நிமிடத்துக்கு 100 லிட்டர் என்று எழுதியிருந்தால் உள்ளே இழுக்கும் நிலையில் 100; 8 பாருக்கு அமுக்கிப் பழைய வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அது 12.5 லிட்டர்தான். 'வெளிநிலைக் காற்றளவு' என்று மாற்றினேன். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்பவை 'முதல் மேடை', 'இரண்டாம் மேடை' ஆகியிருந்தன. எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்ற விகிதம் 'கடமைச் சுழற்சி' ஆகியிருந்தது. அது இயங்குநேர விகிதம். இவற்றில் எதற்கும் அரிய புலமை தேவையில்லை. இந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்கிறது என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். சொல்லுக்குச் சொல் வைப்பவர்களுக்குக் கூலி கிடைக்கிறது. விலை கொடுப்பவன் படிக்கிற பிள்ளை.

தலைப்பை "மின்மோட்டாரில் இயங்கும் அடக்கமான காற்றமுக்கி: வடிவமைப்பு" என்று மாற்றினேன். உள்ளே அந்த வரியை இப்படி எழுதினேன்: "காற்றமுக்கியின் அழுத்த விகிதம் 8 எனில், வெப்பம் வெளியேறாத நிலையில் அதன் அமுக்கு விகிதம் 4.4 ஆகும்."