மூன்று நொடி பொறுத்தால்

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அக்கா அங்கன்வாடி டீச்சர். ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் பால்வாடிதான். பயிற்சி, கூட்டம் என்று எத்தனையோ முறை போய் வந்தவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நான் பசங்ககிட்ட பேசறதை போன்ல ரெக்கார்ட் பண்ணிக் குடுடா. எப்படிப் பேசறேன்னு எனக்கே தெரியணும்" என்றார்.

அன்றைக்குப் பாடம் காய்கறி. அக்கா கையில் ஒரு முள்ளுக் கத்திரிக்காய். இலவம்பாடி வகை, காம்பிலேயே முள் இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் வேலூர்க் கத்திரிக்காய். "இது என்ன?" என்றார். முன்னால் இருந்த மூன்று பேர் "கத்திரிக்கா" என்று கத்தினார்கள். "என்ன கலர்? அம்மா இதை வெச்சு என்ன பண்ணுவாங்க? குழம்பு வைப்பாங்க, இல்லையா?" எல்லாம் ஒரே மூச்சில். சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த நாலு வயதுப் பெண் வாயைத் திறந்தாள். அதற்குள் கத்திரிக்காய் கூடைக்குள் போய், வெண்டைக்காய் வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் அதைப் போட்டுக் கேட்டோம். கேள்வி முடிந்து அடுத்த பேச்சைத் தொடங்க அக்கா எடுத்துக்கொண்ட நேரம் பெரும்பாலும் ஒரு நொடிகூட இல்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இது அவர் ஒருவருடைய குறை இல்லை.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை நூற்றுக்கணக்கில் ஒலிப்பதிவு செய்து, 1970-களில் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். பதில் வராவிட்டால் வேறு பிள்ளையிடம் போய்விடுவார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். அந்த இடைவெளியை 3 நொடிக்கு மேல் நீட்டச் சொல்லிப் பழக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின. "தெரியாது" குறைந்தது. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: பிள்ளைகளே கேள்வி கேட்பது கூடியது. புத்தகமும் மாறவில்லை, பொம்மையும் வாங்கவில்லை. இரண்டு நொடி சும்மா இருந்ததுதான் வித்தியாசம்.

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? நம் பேச்சின் தாளம் அப்படி. பத்து மொழிகளில் மக்கள் பேசிக்கொள்வதை அளந்த ஓர் ஆய்வு 2009-ல் வந்தது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதில் தொடங்க ஆகும் நேரம் மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும், சராசரி 0.2 நொடியை ஒட்டியே இருந்தது. கண் இமைப்பதற்குள் முடிகிற நேரம் இது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே பெரியவர்களுக்கு 0.6 நொடி போல ஆகும். அப்படியானால் 0.2 நொடியில் எப்படிப் பதில் வருகிறது? எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே, அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நம் பதிலை மூளை தயார் செய்துவிடுகிறது. இந்தத் தாளத்துக்குப் பழகிய காதுக்கு ஒரு நொடி மௌனமே நீளம். ஏதோ தப்பாகிவிட்டது என்று தோன்றும். அந்தச் சங்கடம் தாங்காமல்தான் டீச்சர் பேசிவிடுகிறார்.

குழந்தைக்கு அந்த ஊகம் இன்னும் கைவரவில்லை. கேள்வியை முழுதாகக் கேட்க வேண்டும். கேட்டதை மறக்காமல் மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கான நினைவிடம் நாலு வயதில் சின்னது, பக்கத்துப் பையன் தும்மினாலே சிந்திப்போகும். அப்புறம் சொல்லைத் தேட வேண்டும், நாக்கையும் உதட்டையும் அதற்கேற்ப அசைக்க வேண்டும். நரம்பிழைகளைச் சுற்றி வளரும் மையலின் என்ற கொழுப்பு உறைதான் மூளைக்குள் செய்தி வேகமாக ஓட உதவுகிறது. அது இந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆம், இல்லை என்று முடியும் கேள்வியைவிட "ஏன்", "எப்படி" என்ற கேள்விக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். பார்ப்பதற்குப் பேந்தப் பேந்த விழிப்பதுபோல் இருக்கும் அந்தக் குழந்தை உள்ளே ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு சுமையும் உண்டு. சித்தூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டுமொழி தெலுங்காக இருக்கும். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல வீடுகளில் உருது. அந்தச் சுவரோரப் பெண் வீட்டில் தெலுங்குதான் என்று அக்கா சொன்னார். கத்திரிக்காயைப் பார்த்ததும் அவள் நாக்கில் வந்திருக்கக்கூடியது "வங்காயா". அதை விழுங்கிவிட்டுத் தமிழ்ச் சொல்லைத் தேடுவதற்கும் சேர்த்து அவளுக்கு நேரம் தேவைப்பட்டது. "வங்காயா" என்று வந்தாலும் அது சரியான பதில். "ஆமா கண்ணு, வங்காயா. தமிழ்ல கத்திரிக்கா" என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். வீட்டுமொழியைத் திருத்த வேண்டிய தவறாகப் பார்ப்பது குழந்தையை ஊமையாக்கும் வழி.

காத்திருப்பது மட்டும் போதாது, காத்திருக்கத் தகுந்த கேள்வியும் வேண்டும். "என்ன கலர்?" என்ற கேள்விக்குப் பதில் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "தொட்டுப் பார், எப்படி இருக்கு?" என்றால் குழந்தை யோசித்தாக வேண்டும். அதன் பதிலை வாங்கி, ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுப்பது அடுத்த படி. "நாய் ஓடுச்சு" என்றால் "ஆமா, கறுப்பு நாய் வேகமா ஓடுச்சு." 1988-ல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு, படப்புத்தகத்தை இப்படிக் கேட்டுக் கேட்டு, கூட்டிக் கூட்டிப் படிக்கப் பெற்றோரைப் பழக்கியது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் முந்தினார்கள்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் முன்பருவக் கல்வி அதில் ஓர் அங்கம். ஆனால் எடை பார்ப்பது, சத்துமாவு, பதிவேடு, இப்போது போனில் போஷண் டிராக்கர் என்ற பதிவுச் செயலி என்று வேலைகள் கூடியதில் கல்விக்கு மிஞ்சிய நேரம் குறைவு. 2023 மே மாதம் ஒன்றிய அரசு 'போஷண் பி படாய் பி' (ஊட்டச்சத்தும் படிப்பும்) என்று படிப்புக்கும் அழுத்தம் தரும் திட்டத்தை அறிவித்து, ஊழியர்களுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனாலும், ஐந்து வயதுக்குள் மூளை பெரியவர் மூளையின் 90 சதவீத அளவை எட்டிவிடும் என்று கூட்டத்தில் கேட்டுவிட்டு வரும் டீச்சருக்கு, நாளைக் காலை என்ன செய்வது என்பது அதிலிருந்து தெரிவதில்லை.

ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே இதைச் சொன்னார்கள். விரிவுரை கேட்டால் அறிவு கூடும். செய்து காட்டி, செய்ய வைத்தால் திறமையும் கூடும். ஆனால் அது வகுப்பறைக்குள் நிலைக்க, வகுப்பறையிலேயே ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம் புரிவது கடினமில்லை. காத்திருக்காமல் பேசுவது ஒரு கருத்து அல்ல, பழக்கம். சைக்கிளில் பிரேக் பிடிப்பதுபோல் யோசிக்காமலே நடப்பது. அது நடக்கிற கணத்தில் பிடித்தால்தான் மாறும். மேற்பார்வைக்கு வருபவர் பதிவேட்டைப் பார்க்கும் நேரத்தில் பாதியைக் குழந்தைகள் நடுவே உட்கார்ந்து செலவிட்டாலே எவ்வளவோ மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அக்காவுக்கு அப்படி வர யாரும் இல்லை. மையத்து ஆயாவையே பிடித்துக்கொண்டார். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, இரண்டு டப்பா. கேள்வி கேட்டபின் அக்கா பொறுத்தால் நீல டப்பாவில் ஒரு கொட்டை, அவசரப்பட்டால் சிவப்பில். நொடியை எப்படி எண்ணுவது? எண்ண வேண்டாம், ஒரு மூச்சை இழுத்து நிதானமாக விட்டால் போதும். ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு ஒரு மூச்சு 3 முதல் 5 நொடி. முதல் நாள் நீலத்தில் நாலே கொட்டை. ஆயாவுக்கு அதைச் சொல்லவே கூச்சம். பத்து நாள் போனபின் நீல டப்பா குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்டது.

பதில் வந்தபிறகும் ஒரு மூச்சு பொறுக்க வேண்டும் என்று மேரி பட் ரோ சொல்லியிருக்கிறார். உடனே "வெரி குட்" சொன்னால் பேச்சு அங்கேயே மூடிவிடும். அடுத்த முறை நான் போனபோது முள்ளுக் கத்திரிக்காய் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. சுவரோரப் பெண் இப்போது நடுவில் இருந்தாள். காம்பைத் தொட்டாள். அக்கா மூச்சை இழுத்து விட்டார். "வங்காயா குத்துது" என்றாள். அக்கா தலையாட்டிவிட்டு மறுபடி பேசாமல் இருந்தார்.

"இன்னாத்துக்கு டீச்சர் முள்ளு கீது?" என்றான் பக்கத்துப் பையன்.

"உனக்கு என்ன தோணுது?"

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

"ஆடு துன்னக் கூடாதுன்னு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.