பன்றிக் காய்ச்சல்: பரிசோதனை முடிவு வரும்வரை மாத்திரைக்குக் காத்திருக்க வேண்டுமா?

2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் எச்1என்1 எனும் பன்றிக் காய்ச்சலைப் பெருந்தொற்றாக அறிவித்ததையடுத்து, மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி எனப் பிரித்து, மாத்திரை யாருக்கு, பரிசோதனை யாருக்கு என்று வகுத்துக் கொடுத்தது. அந்த விதி தெரியாமல்தான் இன்றும் மக்கள் அலைகிறார்கள்.

கடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் வியர்வையில் நைந்துபோன ஓ.பி. சீட்டுடன் காய்ச்சல் பிரிவுக்கும் ஆய்வகத்துக்கும் மூன்று முறை நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். கடைசியில் கிடைத்த பதில், "ரிசல்ட் வரட்டும்மா, அப்புறம் மாத்திரை பார்க்கலாம்." விதிப்படி அவருக்குப் பரிசோதனையே தேவையில்லை. காய்ச்சல், இருமலுடன் வரும் கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தொட்டவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோயுள்ளவர்கள் ஆகியோர் பி பிரிவில் சேர்கிறார்கள். இவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலேயே இக்காய்ச்சலுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரையைத் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அம்மருந்து நன்றாக வேலை செய்யும் என்பதால், முடிவுக்காகக் காத்திருப்பது சிகிச்சையையே இழப்பதாகும்.

பெரும்பாலோர் சறுக்குவது சீட்டில்தான். "காய்ச்சல், இருமல்" என்று மட்டும் எழுதப்பட்டால் நீங்கள் லேசான நோய்க்குரிய ஏ பிரிவாகிவிடுவீர்கள். அதற்கு இந்த மாத்திரையும் இல்லை, பரிசோதனையும் இல்லை. ஆகவே கர்ப்பம் எத்தனை மாதம், எத்தனை ஆண்டாகச் சர்க்கரை என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, சீட்டில் எழுதச் செய்யுங்கள். ஏ பிரிவென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், நகம் நீலமாதல், குழந்தை பால் மறுத்துத் துவண்டு கிடத்தல் ஆகியவை சி பிரிவின் அறிகுறிகள். இவை உள்ளவர்கள் ஓ.பி. வரிசையில் நிற்கவே கூடாது. நேராக அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். பரிசோதனை அவசியம்தான், ஆனால் அதன் முடிவுக்காக மருந்து நிற்கக் கூடாது.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டை நம்பித் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், அது திட்டத்தில் இணைந்த மருத்துவமனையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநோயாளியாகப் பார்த்துத் திரும்பும் காய்ச்சலுக்கு இந்தக் காப்பீடு உதவாது. இக்காப்பீடு குடும்ப அட்டையை வைத்தே கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் திட்டத்தின் வரம்பான 1,20,000 ரூபாய்க்குள் இருந்தும், மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருப்பதால் சிக்கல் வருகிறது. கடலூர்–புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இருபுறமும் உறவும் வேலையுமாக வாழ்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: புதுச்சேரிக் குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் காப்பீடு பெற முடியாது. பெயர் மாற்றத்தைக் காய்ச்சல் வருமுன் முடித்துவிடுங்கள்.

இம்மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்காது என்பது பழைய கதை. 2017-இல் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதால் மருத்துவரின் சீட்டு இருந்தால் வாங்கலாம். ஆனால் அரசு மருத்துவமனையில் அது இலவசம். இருப்பு இல்லை என்றால், அதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கிருந்தபடியே அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்கள்.