ஸ்லாட் நீளமாக இருந்தால் போதுமா?

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு பத்து மணிக்கு அழைத்தார். "அண்ணே, புது கேப்சர் கார்டு ஸ்லாட்ல கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. ரெண்டு கேமரா ஓடுது. மூணாவதைச் சொருகினா எல்லாமே திக்குது."

நான்கு ஹெச்டிஎம்ஐ கேமராக்களின் படத்தை ஒரே நேரத்தில் கணினிக்குள் வாங்கும் கார்டு அது. "நீள ஸ்லாட் இருக்கா? அப்போ போகும்" என்று கடையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போகத்தான் செய்தது.

மதர்போர்டில் கார்டைச் சொருகும் ஸ்லாட்டின் நீளம் வேறு, அதற்குள் இழுத்திருக்கும் லேன்களின் எண்ணிக்கை வேறு. லேன் என்பது தரவு ஓடும் பாதை. பார்க்க எக்ஸ்16 (பதினாறு லேன்) ஸ்லாட் போலவே இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் பல போர்டுகளில் நாலு லேன்தான் இருக்கும். சிலவற்றில் ஒன்றே ஒன்று. அவருடையது அந்த ஒன்று ரகம்.

கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் ஒரு கேமராவுக்கே நொடிக்குச் சுமார் 207 எம்பி. நாலுக்கு 830ஐத் தொடும். இந்த ஸ்லாட்டுகளின் இணைப்பு முறைக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ்; கார்டோ அதில் இரண்டாம் தலைமுறை. அதில் ஒரு லேனுக்கு ஏட்டளவில் 500 எம்பி, கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஸ்லாட் மூன்றாம் தலைமுறை என்று அவர் வாதாடினார். இரண்டில் எது பழையதோ, அந்த வேகத்தில்தான் இணைப்பு நடக்கும் தம்பி என்றேன். இரண்டு கேமரா ஓடியதே பெரிய விஷயம்.

அன்றிரவு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, முதல் ஸ்லாட்டைக் கேப்சர் கார்டுக்குக் கொடுத்தோம். மானிட்டரையும், வீடியோவைச் சுருக்கும் என்கோடிங்கையும் பிராசஸரோடு வந்த கிராபிக்ஸே பார்த்துக்கொண்டது. எல்லாப் பிராசஸரிலும் அது இருக்காது, அவருக்கு அதிர்ஷ்டம்.

வாங்குவதற்கு முன் மதர்போர்டு மேனுவலில் ஸ்லாட் பக்கத்தைப் படியுங்கள். "எக்ஸ்16 ஸ்லாட், எக்ஸ்4 வேகத்தில்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். மேனுவல் தொலைந்துவிட்டதா? தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால் கணினியை அணைத்துவிட்டு, ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பல போர்டுகளில் லேன் இல்லாத பகுதியில் உலோகக் கம்பிகளே இருக்காது. மேனுவலின் அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கலாம்: இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டியை (போர்டிலேயே சொருகும் சேமிப்புப் பலகை) போட்டால் இந்த ஸ்லாட் வேலை செய்யாது என்று. புது எஸ்எஸ்டி போட்ட மறுநாள் "கார்டு செத்துப்போச்சு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தடித்த கிராபிக்ஸ் கார்டு பக்கத்து ஸ்லாட்டை மூடிவிடும். ஒல்லிக் கேபினட்டுக்குக் கார்டின் பின்பக்கத் தகடு குட்டையாக இருக்க வேண்டும். இதெல்லாம் அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், எக்ஸ்பிரஸுக்கு முந்தைய பழைய பிசிஐ முறை டிவி ட்யூனர் கார்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். அது எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது, வெட்டே வேறு. இரண்டையும் இணைக்கும் மாற்றிப் பலகை கிடைக்கிறது, ஆனால் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்காது. அவர்கள் கணினியில் ஏற்ற நினைக்கும் விஎச்எஸ் கேசட்டுக்கு நொடிக்கு 21 எம்பிதான் வேண்டும். நல்ல யுஎஸ்பி கருவி ஒன்றே போதும். இருந்தாலும் அப்பா அம்மா கல்யாணக் கேசட்டோடு யாராவது வந்தால், பழைய கார்டு ஓடிய அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் பரணில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறேன்.