பாவ அறிக்கை: இந்தச் சொல் எங்கேர்ந்து வந்துச்சு, யாரோட பாவத்தச் சொல்லுது?

பைபிள்ல "பாவங்களை அறிக்கையிடு"ன்னு வர்ற இடத்துல எபிரேயத்துல இருக்கிறது 'யாதா'ங்கிற வேர்லேர்ந்து வந்த வினை. இதே வேர்தான் கடவுளைத் துதிக்கிறதுக்கும், 'தோதா'ன்னு நன்றி சொல்றதுக்கும் வருது. யோசுவா 7ல, எடுக்கக்கூடாத கொள்ளைப்பொருள எடுத்து ஒளிச்சு வச்ச ஆகான் மாட்டிக்கிட்டப்போ, "என் மகனே, கர்த்தரை மகிமைப்படுத்து, நீ செஞ்சதச் சொல்லு"ன்னு யோசுவா ரெண்டையும் ஒரே மூச்சுல கேக்கறாரு பாருங்க, அங்க இந்த ரெண்டு அர்த்தமும் ஒண்ணா நிக்குது.

புதிய ஏற்பாட்டு கிரேக்கத்துல 'ஹோமோலொகேயோ'. ஹோமோன்னா ஒரே, மீதி சொல்றது, அதாவது கடவுள் என்ன சொல்றாரோ அதையே நானும் சொல்றேன்.

தமிழுக்கு வந்தா, 1580ல கொச்சியில ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சடிச்ச புத்தகத்துக்குப் பேரே 'கொம்பெசியொனாயரு', பாவ அறிக்கைக்கான கையேடுங்கிற போர்ச்சுகீசு சொல்ல அப்படியே தமிழ் எழுத்துல போட்டது. அப்புறம் கத்தோலிக்கர் பேச்சுல பாவசங்கீர்த்தனம் நிலைச்சுது. சங்கீர்த்தனத்துக்கும் எடுத்துச் சொல்றது, புகழ்ந்து பாடறதுன்னு ரெண்டு பொருள் உண்டு, எபிரேய வேருக்கு இவ்ளோ பக்கத்துல வேற எந்த மொழிபெயர்ப்பும் வரலன்னு நான் நினைக்கிறேன். இப்போ ஒப்புரவு அருட்சாதனம்ங்கறாங்க, அது அறிக்கை செஞ்சு திரும்பச் சேர்றத முன்னாடி வைக்கிற பேரு. புராட்டஸ்டண்ட் பைபிள்ல அறிக்கையிடுதான்.

ஆனா இன்னைக்கு அறிக்கைன்னா கட்சித் தலைவர் விடுறதுதான் ஞாபகம் வருது. அதனால எனக்குப் பிடிச்சது 'ஒப்புக்கொள்றது'. ஒப்புன்னாலே ஒத்துப்போறது, கிரேக்கச் சொல்லோட உள்ளர்த்தமும் அதுதான்.

இப்போ முக்கியமான விஷயம். நெகேமியா 1:6ல "இஸ்ரவேல் புத்திரராகிய நாங்கள் உமக்கு விரோதமாகச் செய்த பாவங்களை" அறிக்கையிடுறதா நெகேமியா ஜெபிக்கிறாரு, சொல்றது ஒருத்தர், பாவம் எல்லாரோடதும், எபிரேயத்துலயும் இதே ஒருமை பன்மை கலப்பு அப்படியே இருக்கு. எருசலேம் பாபிலோனியர் கையில அழிஞ்சது கி.மு. 586, நெகேமியா சூசான் அரண்மனையில பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குப் பானபாத்திரக்காரரா இருந்து இந்த ஜெபம் பண்றது கி.மு. 445 வாக்குல, எவங்க பாவத்தால அந்த அழிவு வந்துச்சோ அவங்க காலத்துல இவரு பொறக்கவே இல்ல, இருந்தும் "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்"ங்கறாரு. தானியேல் 9ம் இப்படித்தான், "அவங்க பண்ணாங்க"ன்னு தள்ளி நிக்காம தன்னையும் சேர்த்தே தானியேல் சொல்றாரு. கடவுள்கிட்ட பேசறதால 'நாங்கள்', அதுவே 1 யோவான் 1:9ல சபைக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் சொல்றப்போ "நாம் அறிக்கையிட்டால்". இந்த வித்தியாசத்தக் காட்ட நம்ம மொழியில இடம் இருக்கு.

இப்படி மத்தவங்க பாவத்தையும் தன்னோடதா ஏத்துக்கறதுக்குக் கூட்டுக் குற்றவுணர்வுன்னு எழுதறாங்க, எனக்கு ஒத்துவரல, ஏன்னா இங்க உணர்ச்சிய விட பொறுப்புதான் பேச்சு. கூட்டுக் குற்றம்னா போலீஸ் கேஸ் மாதிரி ஆயிடுது. 'பழி'தான் சரியான சொல்லு. உபாகமம் 21ல வயல்வெளியில ஒரு பிணம் கிடக்குது, கொன்னவன் யாருன்னு தெரியல, அப்போ சுத்தியிருக்கிற ஊருங்களுக்குத் தூரத்த அளந்து, ரொம்பப் பக்கத்து ஊரோட பெரியவங்க ஒரு கிடாரியக் கொண்டுவந்து கழுத்த முறிச்சு, அதுமேல கை கழுவி, எங்க கை இந்த ரத்தத்தச் சிந்தலன்னு சொல்லி, ஜனங்கமேல அந்தப் பழியச் சுமத்தாதேயும்னு வேண்டிக்கணும். அவங்க கொல்லல, ஆனாலும் பழி அவங்க வாசல்ல நிக்குது.

அதுக்காக அப்பன் செஞ்சதுக்குப் பிள்ளைக்குத் தண்டனைன்னு இத நீட்டக்கூடாது, எசேக்கியேல் 18 அத நேராவே மறுக்குது, பாவஞ்செய்ற ஆத்துமாவே சாகும்னு. நெகேமியாவ யாரும் குத்தம் சாட்டல, அவராதான் போய் அந்த 'நாங்கள்'ல நின்னாரு.